நான்கு விரல் தள்ளி

கருப்பனுக்கு வெள்ளிக் கவசம் சாத்திய நாளிலிருந்து எங்கள் ஊசிப்பொத்தையில் யார் எதைக் குறிவைத்தாலும் அது குறிவைத்த இடத்தில் போய்ச் சேரவில்லை. குடத்துக்குச் சாய்த்த தண்ணீர் குடத்தின் ஓரமாகத் தரையில் இறங்கியது, நெற்றிக்கு எடுத்த திருநீறு காதோரத்தில் ஒட்டியது, பூட்டுக்குப் போன சாவி கதவுப் பலகையைத் துழாவியது, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கப் போனவன் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், எல்லாம் நான்கு விரல், எல்லாம் இடப்பக்கம். முதல் நாள் நாங்கள் சிரித்தோம். மறுநாளும் கொஞ்சம் சிரித்தோம். அதற்குப் பிறகு தவசிலிங்கம் வீட்டுப் பச்சைப் பிள்ளை பால் குடிக்கவில்லை என்ற செய்தி தெருவெல்லாம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் சாமி துப்பாக்கிக் கருப்பன். மற்ற ஊர்க் கருப்பன்கள் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்க, எங்களவர் கல்பீடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் ஒரு ரைபிளைப் பக்கவாட்டில் கிடத்தி வைத்திருப்பார். எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு பெரிய சண்டையிலிருந்து நடந்தே ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன், இனி இதை என் கையால் தொடமாட்டேன் என்று சொல்லி அதைச் சாமி மடியில் போட்டானாம். போட்டவன் செத்துப்போனான், துப்பாக்கி கல்லுக்குள் வேர்விட்டது. அதை எடுத்துப்போக வந்த அதிகாரிகள் மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இது அரிவாள்தான் என்று ஒருமனதாக முடிவுசெய்து, இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அது சுட்டு யாரும் பார்த்ததில்லை. ஆனால் குழலின் நுனியில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, கோதுமை மணி அளவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கிறதே, பட்டாளத்துக்காரர்கள் கண்ணை இடுக்கி அதன் வழியாகப் பார்த்துத்தான் குறிவைப்பார்களாம், நாங்கள் அதைக் குறிப்பல் என்போம், அந்தப் பல்லைத் தொட்டுக் கும்பிடாமல் எங்கள் ஊரில் கிணற்றுக்குக் கடப்பாரை இறங்காது, விதை கையை விட்டுப் போகாது, கவண்கல் கிளியைத் தேடிப் பறக்காது, மாப்பிள்ளை தாலியைத் தொடமாட்டான். தொட்டவன் குறி தப்பியதில்லை. அதனால் எங்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தவசிலிங்கம் பட்டாளத்தில் இருந்து வந்தவன், இப்போது டவுனில் ஒரு வங்கி வாசலில் காவலுக்கு நிற்கிறான். அவன் பெண்டாட்டி ஆவுடைத்தங்கத்துக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிற்று. மூன்றாவது தங்கினால் துப்பாக்கிக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிறேன் என்று அவன் நேர்ந்துகொண்டான். தங்கியது, பெண் பிறந்தது, அவனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், வந்த வினை எல்லாம் அங்கேதான் இருந்தது. சாமி பொருளுக்குக் காய்ந்த நூலால் அளவெடுப்பது எங்களுக்கு வழக்கமில்லை, மஞ்சளில் நனைத்த ஈர நூலால்தான் எடுப்போம். அந்த ஈர நூல் டவுன் ஆசாரி கைக்குப் போவதற்குள் காய்ந்து சுருங்கிவிட்டது. ஆசாரி நூல் சொன்னபடி செய்தார். கவசம் குழலில் பாதி ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை.

கொட்டுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுற்றுப்பட்டி சனமெல்லாம் பார்த்தது. பிள்ளையை மடியில் வைத்திருந்த ஆவுடை மட்டும், "விடுங்க, எண்ணெயப் போட்டு நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்றாள். தவசிலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பந்தல் முளை அடிக்கிற கொட்டாப்புளியை எடுத்து, ஊர் பார்க்க, கவசத்தின் விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தான். கவசம் ஏறிவிட்டது, குலவையும் போட்டோம். அதன் விளிம்பு பல்லுக்கு அடியில் நுழைந்து பல்லை ஓர் அரிசி கனத்துக்கு மேலே நெம்பிவிட்டதை அப்போது யாரும் பார்க்கவில்லை. பூசாரி பேச்சியா மாமா ஆரத்தித் தட்டை நீட்டினார், ஒற்றிக்கொள்ளப் போன கைகள் எல்லாம் தீபத்துக்கு நான்கு விரல் தள்ளி வெறும் காற்றை ஒற்றிக் கண்ணில் வைக்கப்போய், கண்ணுக்கும் தப்பின. அந்தக் கவசத்தை அன்றைக்கே கத்தரித்து எடுத்துவிட்டார்கள். எங்கே கத்தரிக்கிறோம் என்று பாராமல் கத்தரித்தார்கள் என்பதால்தான் அதுவும் முடிந்தது. பல் மட்டும் நெம்பியபடியே நின்றது.

மனிதர்கள் எதற்கும் பழகிக்கொள்வார்கள், அதிலும் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கவே வேண்டாம். சோற்று உருண்டை வாய்க்குப் போகாமல் இடது காதை நாடிப் போனது. சரி, நான்கு விரல் வலப்பக்கம் தள்ளிக் கொண்டுபோனால் வாய்க்குள் விழுமே என்று புத்திசாலிகள் கணக்குப் போட்டார்கள், ஆனால் அந்தத் தப்புதல் கையைக் கணக்கில் எடுக்கவில்லை, மனசைத்தான் எடுத்தது, சோறு வாய்க்குத்தான் என்று மனசு நினைக்கிறவரை கை எங்கே போனாலும் சோறு வாய்க்குத் தப்பியது. இதற்கு வழி கண்டுபிடித்தவள் எதிர்வீட்டு மாடத்தி. பசியோடு உட்கார்ந்திருந்தவளின் வலது கன்னத்தில் ஓர் ஈ வந்து உட்கார, கையில் சோற்று உருண்டை இருப்பதையே மறந்து எரிச்சலோடு ஈயை அறைந்தாள், அறை நான்கு விரல் தப்பி உருண்டை நேராக வாய்க்குள் போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலமே ஊர் முழுக்க வலது கன்னத்தில் கருப்பட்டிப் பாகைத் தடவிக்கொண்டு ஈக்காகக் காத்திருந்தது. ஈ வந்தவன் சாப்பிட்டான். ஈ வராதவன் வந்தவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். ஈயை ஊரில் எல்லோரும் மரியாதையாக நடத்தத் தொடங்கினார்கள், சிலர் சாணியைக்கூட அள்ளாமல் விட்டார்கள்.

சொல்லும் தப்பியது. சத்தம் காதில் விழுந்தது, தைப்பது மட்டும் வேறெங்கோ போய்த் தைத்தது. பெண்டாட்டியைத் திட்டினால் பக்கத்தில் நின்ற ஆடு தலையைத் தொங்கப்போட்டது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கு ஆறுதல் சொன்னால், வழியில் போன கோழி வியாபாரி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார், பிள்ளை விசும்பிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நாளில் நாங்கள் ஒருவரையொருவர் திட்டுவதையும் தேற்றுவதையும் விட்டுவிட்டோம். ஊர் ரொம்ப அமைதியாக இருந்தது.

ஆனால் பச்சைப் பிள்ளைக்கு ஈயைத் தெரியாது. அதற்குப் பாலைத் தவிர வேறு ஆசை இல்லை, பாலைத் தவிர வேறு கோபமும் இல்லை. அது வாயைத் திறந்துகொண்டு முலைக்கு நான்கு விரல் தள்ளிச் சேலையைச் சப்பியது, ஆவுடை முலையைப் பிள்ளையின் வாய்க்குக் கொண்டுபோக அது கன்னத்தில் பீய்ச்சியது. கன்னத்தில் பீய்ச்சி, காதுக்குள் வழிந்து, பிள்ளையின் கழுத்து மடிப்பெல்லாம் பால் புளித்த வாடை. பாலாடையில் ஊற்றிப் பார்த்தாள், விரலில் தொட்டு வைத்துப் பார்த்தாள், எதுவும் ஆகவில்லை. கடைசியில் துணியைப் பாலில் நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எதையும் நினைக்காமல் பிள்ளை மேல் அங்கும் இங்கும் உதறுவாள், எப்போதாவது ஒரு சொட்டு தானாக உதட்டில் விழும். அந்தச் சொட்டில்தான் பிள்ளை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தப்புவது ஊர் எல்லையோடு நிற்கவில்லை, எங்களோடு பஸ் ஏறி வந்தது. நர்ஸம்மாவின் ஊசி நரம்புக்குத் தள்ளி மெத்தையில் குத்தியது, குழாய் மூக்கைத் தாண்டிப் போனது, பெரிய டாக்டர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, வைத்துக் கூப்பிட்டால் அடுத்த வீட்டுக் கன்றுக்குட்டி திரும்பிப் பார்க்குமோ என்று பயம்.

ஆவுடை புருஷனோடு பேசுவதில்லை. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்க, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அந்தப் பார்வையிலிருந்து தப்பிக் கோவிலுக்குப் போவான். பட்டாளத்துப் பட்டறையில் அந்தப் பல்லை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதற்கென்றே ஒரு திருகுச் சட்டம் இருக்கிறது, அதைப் பொருத்தி அரைத் திருகு திருகினால் போதும் என்று எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். பழைய கூட்டாளி ஒருவனிடம் போனில் கேட்டான். எந்த முகாம், எந்தத் துப்பாக்கி, அதன் நம்பர் என்ன என்று அவன் கேட்க, சாமி மடியில் இருக்கிற துப்பாக்கி என்று எப்படிச் சொல்வது, போனை வைத்துவிட்டான். சட்டமே கிடைத்திருந்தாலும் அதைப் பல்லில் மாட்டப் போனவன் நான்கு விரல் தள்ளித்தான் மாட்டியிருப்பான். ஆக, எங்களிடம் இருந்தது ஒரு சுத்தியல், ஒரு கல்பீடம், தப்புகிற கைகள். ஊரில் கை உள்ளவர் அத்தனை பேரும் வரிசையாக வந்து பல்லை அடித்துப் பார்த்தோம். கருப்பனின் தொடையில் பள்ளம் விழுந்ததுதான் மிச்சம்.

"ஈ வச்சு அடிச்சா என்ன?" என்றாள் மாடத்தி. "வாய்க்குப் போற சோறு போவுதுல்லா, பல்லுக்கு அடி போவாதா?"

பல்லுக்கு வலப்பக்கம் நான்கு விரல் தள்ளிக் கல்லில் கருப்பட்டியைத் தடவினோம். ஈ வந்தது. பேச்சியா மாமா சுத்தியலை ஓங்கினார், ஓங்கினவர் அப்படியே இறக்கிவிட்டார். "முடியலப்பா. எத்தனை வேளை சோறு போட்டுருக்கு. அத எப்பிடி அடிக்கது?" என்றார். அதன் பிறகு எத்தனையோ பேர் ஓங்கினோம். வேறு எதை எதையோ வைத்துப் பார்த்தோம், தேங்காய் வைத்தோம், செருப்பு வைத்தோம், வட்டிக்காரன் படம் வைத்தோம். அடிக்க வேண்டும் என்று வாய் சொன்னது, மனசு பல்லையே நினைத்துக்கொண்டிருந்தது. பல்லை நினைத்த அடி பல்லுக்குத் தப்பியது.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் ஆவுடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்கு வந்தாள். பிள்ளை அழவில்லை. அழுது ஒரு பகல் ஆகியிருந்தது, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் அதைச் சாமி காலடியில் போட்டுவிடத்தான் வந்தாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தவசிலிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஏ ஆவுடை, இந்த ஊருல நீ யாரையாவது அடிக்கணும்னு நெனைக்கியா? நெசமா, மனசார?"

அவள் கண்ணை அவன் மேலிருந்து எடுக்கவில்லை. அவன் சுத்தியலை அவள் காலடியில் வைத்துவிட்டு, பல்லுக்கு வலப்பக்கம் நான்கு விரல் தள்ளி, கருப்பட்டி பிசுபிசுத்த கல்லின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தான்.

பேச்சியா மாமா குனிந்து அவன் காதருகே பேசினார், அது தப்பிப் பக்கத்தில் நின்ற என் காதிலும் விழுந்தது. "ஏலே, ஒரே போடா போட்டா பல்லு அந்தப் பக்கம் சாஞ்சிரும், பொறவு ஊரே வலப்பக்கம் தப்பும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் தட்டணும். பல்லு எறங்க எறங்கத் தப்புறது கொறையும். நீ கையப் பக்கத்துல பக்கத்துல நகத்தணும். கடைசி அடிக்குக் கை எங்க இருக்கும்னு தெரியுமால?"

"தெரியும் மாமா. அவகிட்டச் சொல்லிராதீங்க."

மாடத்தி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஆவுடை சுத்தியலை எடுத்தாள். அன்றைக்குக் கொட்டாப்புளி ஏறி இறங்கியது, ஊர் பார்க்கிறதே என்று அவன் முகம் சிவந்தது, விடுங்க என்று தான் சொன்னது யார் காதிலும் ஏறாமல் போனது, எல்லாம் அவள் கையில் வந்து நின்றன. அவள் அந்தக் கையை, பட்டாளத்திலிருந்து லீவில் வந்தபோதெல்லாம் தன் தலையைக் கோதிய அந்தக் கையை, நசுக்கிவிட வேண்டும் என்று மனசார நினைத்து அடித்தாள். சுத்தியல் அவன் கையை விட்டு நான்கு விரல் தள்ளிப் பல்லின் மேல் விழுந்தது. கிணுங் என்று ஒரு சத்தம். எங்கோ ஒரு வீட்டில் குடத்துக்குள் தண்ணீர் விழுவது போல் கேட்டது, இல்லை, இன்னும் ஓரத்தில்தான் விழுந்தது, மூன்று விரல் ஓரத்தில்.

தவசிலிங்கம் கையை ஒரு விரல் கிட்டே நகர்த்தினான். அவள் அடித்தாள். கிணுங். அவன் இன்னொரு விரல் நகர்த்தினான். அவள் அழுதுகொண்டே அடித்தாள், ஏசிக்கொண்டே அடித்தாள், அந்த ஏச்சு இரண்டு விரல் தப்பி எங்கள் மேல் விழுந்து நாங்களும் அழுதோம், கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பெண்டாட்டிக்கு எதற்கோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம், யார் கேட்டது யாருக்குப் போனதோ. கிணுங். இப்போது அவன் கட்டைவிரல் பல்லை உரசியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இன்னும் மயிரிழை பாக்கி. அந்த மயிரிழையை எடுக்க அவன் தன் விரல்களைப் பல்லின் மேலேயே வைத்தாக வேண்டும், வைத்தும் விட்டான், கண்ணை மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோபம் வடிந்துவிட்டது. அதை நாங்கள் கண்ணால் பார்த்தோம், தோள் இறங்கியது. அடித்தாள், மனசில்லாமல் அடித்த அடி வெறும் கல்லில் விழுந்தது. மறுபடியும் அடித்தாள், மறுபடியும் கல்.

"மாட்டேன்" என்றாள். "என்னால முடியாது. கைய எடுங்க."

"ஆவுடை, பிள்ளை கெடக்கு. அடி."

"மாட்டேங்க."

மாடத்தி கையில் பிள்ளையின் வாய் திறந்தது, மூடவில்லை.

தவசிலிங்கம் அதைப் பார்த்தான். பிறகு, வங்கி வாசலில் அந்நியரிடம் பேசுகிற குரலில், பெண்டாட்டியைப் பார்த்துச் சொன்னான். "இது நிலைக்காதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். ஒன் வயித்துல எது நிலைச்சிது? கவசம் இந்தப் பிள்ளைக்காகச் செய்யல. மலடியக் கட்டினவன்னு சொன்ன ஊரு வாய அடைக்கச் செஞ்சேன். இது போகட்டும். நான் வேற பொண்ணு பாத்து வச்சாச்சு."

கவசம் சாத்திய நாளிலிருந்து எங்கள் ஊரில் குறிவைத்த இடத்தில் முதல்முதலாகப் போய் விழுந்தது அந்தச் சொல்தான். ஆடு எதுவும் தலையைத் தொங்கப்போடவில்லை. எங்களில் ஒருவர் மேலும் அது படவில்லை. அவள் மேல் மட்டும் விழுந்தது, முழுசாக விழுந்தது. அவள் நிறம் மாறியதைப் பார்த்தோம். சுத்தியல் எப்போது ஏறியது என்று தெரியவில்லை, இறங்கியது தெரிந்தது. கிணுங் என்று கேட்கவில்லை. எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்டது, அதற்கு அடியில் பல் தன் பழைய இடத்தில் உட்கார்ந்த சத்தமும் கேட்டது.

ஊரில் அத்தனை சாவியும் அத்தனை பூட்டில் இறங்கின. தாகத்தோடு நின்றவர்கள் செம்பைத் தூக்க, தண்ணீர் நேராகத் தொண்டைக்குள் போய்ப் புரையேறியது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் தலையில் யாரோ கை வைத்தார்கள், கை தலையில் பட்டது, அது ஓவென்று அழுது தீர்த்தது. நாங்கள் யாரும் குலவை போடவில்லை. ஆவுடை சுத்தியலைப் போட்டுவிட்டுப் பிள்ளையைப் பறித்து மார்பில் சேர்த்தாள். அது முகத்தை அங்கும் இங்கும் தேய்த்துத் தேடிக் கவ்விப் பிடித்துக்கொண்டது. அது உறிஞ்சுகிற சத்தம் அந்தக் கோவிலில் எல்லோருக்கும் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பேச்சியா மாமா வேட்டியைக் கிழித்துத் தவசிலிங்கத்தின் கையைச் சுற்றிக் கட்டினார். கட்டு கட்டின இடத்தில் நின்றது. மூன்று விரல் தேறாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, பால் குடிக்கிற பிள்ளையின் கழுத்து ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

வெகுநேரம் கழித்து ஆவுடை தலையைத் தூக்காமல் கேட்டாள். "நீங்க சொன்னது பொய்தானே?"

"பொய்தான் புள்ள. சத்தியமாப் பொய். ஒனக்குக் கோவம் வரணும்னு சொன்னேன். சொல்லு எப்பிடியும் தப்பிக் கொஞ்சம் தள்ளித்தான் விழும்னு நெனச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவள் நம்பினாள், அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, இத்தனை பேர் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம். சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள், ஒரு மடக்குத் தண்ணீரும் தன் கையாலேயே புகட்டினாள். பிறகு பிள்ளையை மறுபக்கத்து மாருக்கு மாற்றிக்கொள்ளும்போது, அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.